தேர்ந்தெடுக்கும் உடல், தேர்ந்தெடுக்கும் மூளை

அறிவியல் கேள்வி–பதில்

1972ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அப்பரிசைப் பெற்ற இருவரில் ஒருவரான ஜெரால்ட் எடெல்மன் பிற்காலத்தில் மூளை ஆய்வுக்குச் சென்று, மனித நனவு எவ்வாறு தோன்றுகிறது என்பதற்கும் ஒரு கோட்பாடு வகுத்தவர் என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். அந்த வரியைப் பற்றியே பலர் எழுதிக் கேட்டிருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அவருக்கு ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: எடெல்மனின் இளமையும் கல்வியும் எப்படி அமைந்தன? எந்த வழியாக அவர் ஆராய்ச்சிக்கு வந்தார்?
– பள்ளி ஆசிரியை, கும்பகோணம்

பதில்: ஜெரால்ட் எடெல்மன் 1929 ஜூலை 1 அன்று நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை மருத்துவர், தாய் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர். சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள் முறையாக வயலின் பயின்ற எடெல்மன், மேடைக் கலைஞராக வாழ்வதற்கு வேண்டிய உள் உந்துதல் தம்மிடம் இல்லை என்று தாமே முடிவுசெய்து அறிவியலின் பக்கம் வந்தார். ஆனாலும் இசையின் மீதான பற்று அவரை விட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் அவர் நிறுவிய ஆய்வுக்கூட வளாகத்தில் கச்சேரி நடத்தத் தக்க ஒலியமைப்புடன் ஓர் அரங்கத்தையும் சேர்த்தே கட்டினார்.

பென்சில்வேனியா மாநிலத்தின் அர்சைனஸ் கல்லூரியில் 1950இல் இளங்கலைப் பட்டமும், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1954இல் மருத்துவப் பட்டமும் பெற்று, பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஓராண்டு பணிபுரிந்த பிறகு, ராணுவ மருத்துவப் பிரிவில் கேப்டனாகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் படித்த ஒரு நோயெதிர்ப்பியல் பாடநூலில், உடலுக்குள் நுழையும் ஆன்டிஜென்களைப் பற்றி நிறையவும், அவற்றைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைப் பற்றி மிகக் குறைவாகவும் எழுதப்பட்டிருந்தது அவரை உறுத்தியது. நோயைத் தடுப்பது எதிர்ப்பொருள் என்றால், அது எப்படிப்பட்ட மூலக்கூறு என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்ற அந்தக் கேள்வியோடு 1957இல் நியூயார்க் திரும்பி, ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஹென்றி கன்கல் என்னும் அறிஞரின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1960இல் முனைவர் பட்டம் பெற்ற பின்னும் அங்கேயே தங்கிப் பேராசிரியராக உயர்ந்தார். 1992 வரை அதுவே அவருடைய பணியிடம்.

கேள்வி: எதிர்ப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக அவருக்கு நோபல் கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்பு என்ன தெரிந்திருந்தது? அவர் செய்தது சரியாக என்ன?
– முதுகலை உயிர்வேதியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் நச்சை முறிக்கும் ஆற்றல் நோயிலிருந்து காக்கப்பட்ட விலங்கின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பின் எஞ்சும் தெளிந்த நீர்ப்பகுதியில், இருக்கிறது என்பதை பேரிங்கும் கிடசாட்டோவும் 1890இலேயே காட்டிவிட்டார்கள். அந்த ஆற்றல் சீரப் புரதங்களில் காமா குளோபுலின் என்ற பகுதியில் அடங்கியிருக்கிறது என்பது 1930களின் இறுதியில் தெளிவாயிற்று. அதற்கு மேல் போக இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, எதிர்ப்பொருளின் பருமன்: அதன் மூலக்கூறு எடை ஏறக்குறைய 1,50,000. வேதியியலாளர் சேங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையை, அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள் அமைந்த ஒழுங்கை, கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்றார்; அந்த இன்சுலினில் உள்ள அமினோ அமிலங்கள் 51 மட்டுமே. இரண்டாவது தடை இன்னும் கடினமானது: ஒருவருடைய இரத்தத்தில் உள்ள காமா குளோபுலின் ஒரே பொருளாக இல்லாமல், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய, ஆனால் வெவ்வேறான எண்ணற்ற மூலக்கூறுகளின் கலவையாக இருக்கிறது. கலவையின் வரிசையை எப்படி வாசிப்பது?

எடெல்மன் முதலில் எடுத்துக்கொண்டது பருமன் பற்றிய சிக்கலை. புரதச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் வழியே பிணைக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகளை வேதிமுறையில் முறித்து, அடர்த்தியான யூரியாக் கரைசலில் மூலக்கூறின் மடிப்புகளையும் தளர்த்தியபோது, ஒரே நீண்ட சங்கிலியாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்ட எதிர்ப்பொருள் சிறு பகுதிகளாகப் பிரிந்தது. 1959இல் அவர் வெளியிட்ட இந்தக் குறிப்பு மிகச் சிறியது; ஆனால் எதிர்ப்பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கிலிகளால் ஆனது என்பதை அது முதன்முதலாகக் காட்டியது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ராட்னி போர்ட்டர், பப்பாளிப் பாலில் கிடைக்கும் பப்பெயின் என்ற நொதியைக் கொண்டு முயலின் எதிர்ப்பொருளை மூன்று துண்டுகளாக வெட்டினார். அவற்றில் இரண்டு துண்டுகள் ஆன்டிஜெனைப் பற்றும் திறனை இழக்கவில்லை, மூன்றாவது துண்டுக்கு அந்தத் திறன் இல்லை. போர்ட்டரின் முறை சங்கிலிகளின் குறுக்கே வெட்டுவது. எடெல்மனின் முறை சங்கிலிகளை முழுமையாக விட்டுவிட்டு, அவற்றை இணைக்கும் பிணைப்புகளை மட்டும் அவிழ்ப்பது. இந்த இரண்டு விடைகளையும் பொருத்திப் பார்த்ததில்தான் இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் ஒய் வடிவம் உருவாயிற்று: இரண்டு கனமான சங்கிலிகள், இரண்டு இலேசான சங்கிலிகள், இரு கைகளின் நுனியிலும் ஆன்டிஜெனைப் பிடிக்கும் இடங்கள்.

1961இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அது மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. எடெல்மனும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பரூஜ் பெனாசெராஃபும் மற்றும் சிலரும் சேர்ந்து, வெவ்வேறு பொருள்களுக்கு எதிராகக் கினிப் பன்றிகளில் உருவான எதிர்ப்பொருள்களைப் பிரித்து, சங்கிலிகளை மின்புலத்தில் ஸ்டார்ச் ஜெல் வழியே ஓடவிட்டுப் பார்த்தார்கள். எதிர்க்கும் பொருள் மாறினால் சங்கிலிகள் ஜெல்லில் பதிக்கும் பட்டைகளும் மாறின. அதாவது, எதிர்ப்பொருள்களுக்கு இடையிலான வேறுபாடு வெறும் மடிப்பில் மட்டும் இல்லை, சங்கிலியின் வேதியமைப்பிலேயே இருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. அந்தச் சான்றின் முழுப் பொருளைக் கீழே இன்னொரு வாசகருக்கு எழுதியிருக்கும் பதிலில் காணலாம்.

இரண்டாவது தடையாகிய கலவைச் சிக்கலைத் தாண்ட ஒரு நோய் உதவியது. மைலோமா என்ற புற்றுநோயில் எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால், நோயாளியின் இரத்தத்தில் ஒரே வகை மூலக்கூறு பெருமளவில் சேர்கிறது. அத்தகைய ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, பல ஆண்டுகள் துண்டு துண்டாக வாசித்து, 1300க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களின் வரிசையை எடெல்மனும் அவர் குழுவினரும் 1969இல் முழுமையாக வெளியிட்டார்கள். அதுவரை வரிசை கண்டறியப்பட்ட புரதங்களில் அதுவே மிகப் பெரியது. மூன்று ஆண்டுகளில் போர்ட்டரோடு சேர்த்து அவருக்கு நோபல் அறிவிக்கப்பட்டபோது எடெல்மனுக்கு வயது 43.

கேள்வி: மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ‘பென்ஸ் ஜோன்ஸ் புரதம்’ என்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்வோம். இதற்கும் எடெல்மனுக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா?
– ஆய்வுக்கூட நுட்பனர், வேலூர்

பதில்: 1845இல் லண்டனில் எலும்பு வலியால் அவதியுற்ற ஒரு மளிகை வணிகரின் சிறுநீரை, அவருக்கு மருத்துவம் பார்த்தவர்கள் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியலாளரிடம் அனுப்பினார்கள். சூடாக்கியபோது கலங்கிய அந்தச் சிறுநீர், கொதிநிலையை நெருங்கியதும் தெளிந்தது; ஆறியபோது மீண்டும் கலங்கியது. சாதாரணப் புரதம் சூட்டில் ஒருமுறை உறைந்தால் உறைந்ததுதான். இது அப்படி நடந்துகொள்ளவில்லை. பென்ஸ் ஜோன்ஸ் அதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டதால் அவர் பெயரே அப்புரதத்துக்கு நிலைத்தது. மைலோமா நோயைச் சுட்டும் அடையாளமாக மருத்துவர்கள் அதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பயன்படுத்தியும், அந்தப் புரதம் என்ன, எங்கிருந்து வருகிறது என்பது விளங்காமலே இருந்தது.

எடெல்மனும் அவருடைய மாணவர் ஜோசஃப் கேலியும் 1962இல் இதை அவிழ்த்தார்கள். மைலோமா நோயாளியின் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருளின் இலேசான சங்கிலியைத் தனியே பிரித்து, அதே நோயாளியின் சிறுநீரில் வந்த பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தோடு ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்தது. நோயுற்ற செல்கள் கனமான சங்கிலியோடு இணையாத இலேசான சங்கிலிகளை மிகுதியாக உற்பத்தி செய்கின்றன; உருவில் சிறியவையான அவை சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து வெளியேறுகின்றன. நோயில்லாதவர்களின் எதிர்ப்பொருளிலிருந்து பிரித்த இலேசான சங்கிலிகளும் சூட்டில் கலங்கி, மேலும் சூடேற்றினால் தெளிந்தன என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

இதனால் ஆராய்ச்சிக்குப் பெரும் நன்மை விளைந்தது. ஒரே வகையான இலேசான சங்கிலி, வேதியியலாளர்களுக்குத் தேவையான அளவில், சிறுநீரிலேயே கிடைத்தது. அதை வாசித்த ஹில்ஷ்மனும் கிரெய்க்கும் 1965இல், இலேசான சங்கிலியின் ஒரு பாதி நோயாளிக்கு நோயாளி மாறுகிறது, மற்றொரு பாதி பெரும்பாலும் மாறாமலிருக்கிறது என்று அறிவித்தார்கள். மாறும் பகுதி ஆன்டிஜெனைப் பிடிப்பதற்கு, மாறாப் பகுதி உடலின் மற்ற பாதுகாப்பு முறைகளோடு தொடர்பு கொள்வதற்கு என்ற இன்றைய அறிவின் தொடக்கம் அதுவே. நீங்கள் செய்யும் பரிசோதனையின் இன்றைய வடிவமாகிய, இரத்தத்தில் இணையாத இலேசான சங்கிலிகளை அளக்கும் சோதனையும் 1962இன் அந்த விடையை அடிப்படையாகக் கொண்டதுதான்.

கேள்வி: உடல் இதுவரை சந்தித்தே இராத ஒரு கிருமிக்கும் பொருத்தமான எதிர்ப்பொருளை எப்படிச் செய்கிறது? ‘தேர்வுக் கோட்பாடு’ என்கிறார்கள், எளிமையாகச் சொல்லுங்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எடெல்மனின் வாழ்நாள் சிந்தனை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், இயற்கையில் இல்லாமல் ஆய்வகத்தில் புதிதாகச் செய்த வேதிப்பொருள்களுக்கு எதிராகவும் விலங்குகள் எதிர்ப்பொருள் உண்டாக்குகின்றன என்று காட்டியிருந்தார். இனி வரப்போகும் வேதியியலாளர் என்ன செய்வார் என்பதை உடல் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது அல்லவா? எனவே ஆன்டிஜென்தான் அச்சாக இருந்து எதிர்ப்பொருளைத் தன் வடிவத்துக்கேற்ப மடிக்கிறது என்று பலர் நம்பினார்கள். லைனஸ் பாலிங் 1940இல் இதை வலுவான கோட்பாடாக எழுதினார். இதன்படி, எல்லா எதிர்ப்பொருள்களின் சங்கிலி வரிசையும் ஒன்றாகவே இருக்கலாம், மடிப்பு மட்டும் வேறுபடும்.

நீல்ஸ் யெர்னெ 1955இலும் மக்ஃபார்லேன் பர்னெட் 1957இலும் இதைத் தலைகீழாக்கினார்கள். ஆளை நிறுத்தி அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரைப் போல உடல் இயங்குவதில்லை. எல்லா அளவுகளிலும் தைத்து அடுக்கிய ஆயத்த ஆடைக் கடையைப் போல அது இயங்குகிறது, வருபவருக்கு எது பொருந்துகிறதோ அந்த ஆடையைப் பிறகு ஆயிரக்கணக்கில் தைத்துக் குவிக்கிறது என்று அவர்கள் கருத்தைச் சுருக்கிச் சொல்லலாம். பர்னெட்டின் விளக்கத்தில், லிம்ஃபோசைட் என்ற வகை வெள்ளையணு ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத் தன் மேற்பரப்பில் தாங்கியிருக்கிறது. கிருமி நுழையும்போது, தற்செயலாகப் பொருந்திவிட்ட செல் மட்டும் பெருகுகிறது.

இதில் எது சரி என்பதைத் தீர்க்க எதிர்ப்பொருளின் வேதியமைப்புத் தேவைப்பட்டது. சங்கிலிகளே வேறுபடுகின்றன என்ற 1961இன் முடிவும், மாறும் பகுதியும் மாறாப் பகுதியும் உண்டு என்ற பிந்தைய முடிவுகளும் அச்சுக் கோட்பாட்டுக்கு இடமில்லாமல் செய்தன. இவ்வளவு வகைகளை உண்டாக்க வேண்டிய மரபணுக்கள் எங்கே என்ற கேள்விக்கு, வெள்ளையணுக்கள் மரபணுத் துண்டுகளை வெட்டி மாற்றி ஒட்டிக்கொள்கின்றன என்று சுசுமு டோனெகாவா 1976இல் விடை தந்தார்.

எதிர்காலத்தை அறியாத ஓர் உடல், தன்னுள்ளே முன்னதாகவே பல்வகைமையை வளர்த்து வைத்துக்கொண்டு, நேரும் அனுபவத்தால் அதில் சிலவற்றை வலுப்படுத்திக்கொள்கிறது என்ற இந்தக் கருத்து எடெல்மனை ஆட்கொண்டது. அவர் பிறகு செய்த ஒவ்வொன்றுக்கும் அதுவே வேர்.

கேள்வி: இந்தக் கண்டுபிடிப்பால் நோயாளிகளுக்கு என்ன பயன்?
– வாசகர், சேலம்

பதில்: நிறைய. கோலரும் மில்ஸ்டெயினும் 1975இல் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் விரும்பிய அளவு வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவை எலியின் எதிர்ப்பொருள்கள் என்பதால் மனித உடல் அவற்றையே அந்நியமாகக் கருதி எதிர்த்தது. எந்தப் பகுதி ஆன்டிஜெனைப் பிடிக்கிறது, எந்தப் பகுதி மாறாதது என்பது தெரிந்திருந்ததால்தான், எலியின் மாறும் பகுதியை மனித மாறாப் பகுதியோடு இணைத்துப் புதிய மருந்துகளை வடிவமைக்க முடிந்தது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிடுக்ஸிமேப் அப்படிப்பட்டது. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகைக்கு அடுத்த ஆண்டு வந்த டிராஸ்டுஸுமேப், எலியின் பங்கை இன்னும் குறைத்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் ‘மேப்’ என்று முடியும் பெயர்களில் நீங்கள் காணும் மருந்துகளெல்லாம் எதிர்ப்பொருள்களே.

கேள்வி: நோபல் பரிசு பெற்ற துறையை விட்டு ஏன் மூளைக்குப் போனார்? இரண்டுக்கும் என்ன உறவு?
– மருத்துவக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: விட்டுப் போனார் என்பதை விட, அதே கேள்வியை இன்னும் கடினமான இடத்தில் கேட்கத் தொடங்கினார் என்று சொல்வதே பொருத்தம். தன் முன் வரக்கூடிய அனைத்தையும் முன்கூட்டி அறியாமலே புதியதை இனங்கண்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்புகள் நம் உடலில் இரண்டு: ஒன்று நோயெதிர்ப்பு அமைப்பு, மற்றொன்று மூளை. நோயெதிர்ப்பைப் போல மூளையும் தேர்வால் கற்கக்கூடும் என்று யெர்னெ 1967இலேயே எழுதியிருந்தார் என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பை ஒரு முழுக் கோட்பாடாக வளர்க்கும் பொறுப்பை எடெல்மன் ஏற்றுக்கொண்டார்.

இடையில் ஒரு பாலமும் இருந்தது. அவருடைய பணியில் என்னை மிகவும் வியக்க வைப்பது அதுதான். கருவில் வளரும் செல்கள் எப்படி ஒன்றையொன்று கண்டுகொண்டு ஒட்டித் திசுக்களாகின்றன என்று ஆராய்ந்த எடெல்மனும், ரூட்டிஸ்ஹவுசர், தியெரி, பிராக்கன்பரி ஆகியோரும், கோழிக்குஞ்சின் கருவிலிருந்து எடுத்த நரம்பு செல்களை ஒட்ட வைக்கும் மூலக்கூறை 1970களின் பிற்பகுதியில் பிரித்தெடுத்தார்கள். ‘என்–கேம்’ என்று அழைக்கப்படும் அதுவே இவ்வகையில் முதலில் இனங்காணப்பட்ட மூலக்கூறுகளுள் ஒன்று. பத்தாண்டுகள் கழித்து, 1987இல், அதன் அமினோ அமில வரிசை முழுமையாகத் தெரிந்தபோது, அதில் எதிர்ப்பொருளின் மடிப்புகளை ஒத்த ஐந்து பகுதிகள் இருப்பதைக் கண்டார்கள். நரம்பு செல்களை ஒட்டும் மூலக்கூறும் கிருமியைப் பிடிக்கும் மூலக்கூறும் உறவினர்கள்! பூச்சிகளைப் போன்ற, எதிர்ப்பொருளே இல்லாத விலங்குகளிலும் இத்தகைய ஒட்டும் மூலக்கூறுகள் இருப்பதால், செல்கள் ஒட்டிக்கொள்ளப் பயன்பட்ட பழைய மூலக்கூறுகளிலிருந்தே எதிர்ப்பொருள்கள் பரிணமித்தன என்று எடெல்மன் வாதிட்டார். ஓர் ஆய்வாளரின் இரண்டு துறைகள் மூலக்கூறு அளவிலேயே ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வது அரிதினும் அரிது.

கேள்வி: ‘நரம்பு டார்வினியம்’ என்பது என்ன? மூளையில் செல்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றனவா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், சென்னை

பதில்: 1978இல் நரம்பியல் அறிஞர் வெர்னன் மவுண்ட்காசிலோடு இணைந்து வெளியிட்ட ஒரு சிறு நூலில் இந்தக் கருத்தை அவர் முதலில் விரித்துரைத்தார், 1987இல் ‘நியூரல் டார்வினிசம்’ என்ற பெரிய நூலாக அது வெளிவந்தது. அதை மூன்று நிலைகளாக அவர் விளக்குகிறார்.

முதல் நிலை கருவளர்ச்சியில் நடக்கிறது. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. புரதங்களுக்கான மரபணுக்களோ 20,000 அளவில்தான். எந்தச் செல் எதோடு இணைய வேண்டும் என்று ஒவ்வோர் இணைப்பையும் மரபணு எழுதி வைத்திருக்க வழியில்லை. செல்கள் பிரிந்து, நகர்ந்து, ஒட்டி, சில இறந்து, கிளைகளை நீட்டும் போக்கில் பொதுவான அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக அமைந்தாலும், நுண்ணிய கிளைகள் ஒருவருக்கொருவர் வேறுபடுகின்றன. மரபணுவில் முற்றிலும் ஒத்த நீர்த்தெள்ளுப்பூச்சிகளிலும் நரம்புக் கிளைகள் ஒரே மாதிரி அமைவதில்லை என்ற ஆய்வை எடெல்மன் இதற்குச் சான்றாகக் காட்டினார். பொறியாளரான நீங்கள் இத்தகைய மாறுபாட்டை உற்பத்திக் குறை என்று கருதக்கூடும். எடெல்மனுக்கு அதுவே மூலப்பொருள், வெள்ளையணுக்களின் பல்வகைமையைப் போல.

இரண்டாம் நிலை அனுபவத்தால் நிகழ்வது. ஒரு செயலுக்குப் பொருந்திய செல் கூட்டங்களின் இணைப்புகள் வலுப்படுகின்றன, மற்றவை தளர்கின்றன. எனவே நீங்கள் கேட்ட போட்டி தனிச் செல்களுக்கு இடையே நடப்பதாக அவர் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான செல்கள் அடங்கிய கூட்டங்களுக்கு இடையே நடப்பதாகச் சொன்னார். குரங்கின் கையில் ஒரு நரம்பை வெட்டியதும், அந்நரம்புக்கு உரிய மூளைப் பரப்பை அடுத்துள்ள தோல் பகுதிகளுக்கான செல்கள் மெல்லக் கைப்பற்றுகின்றன என்று மெர்சனிக்கும் காஸும் 1980களில் காட்டியது அவருக்குப் பெரும் ஆதரவாக அமைந்தது. எது நல்லது, எது தீயது என்று மூளைக்கு யார் சொல்வது என்று கேட்டால், பரிணாமத்தின் வழியே வந்த சில அடிப்படை விருப்பங்கள் உண்டு, டோபமைன் போன்ற வேதிப்பொருள்களை மூளையெங்கும் பரப்பும் செல்கள் அவற்றைத் தாங்குகின்றன என்பது அவர் விடை.

மூன்றாம் நிலையைத்தான் அவர் தம் கோட்பாட்டின் தனிச்சிறப்பாகக் கருதினார். மூளையின் வெவ்வேறு பரப்புகள் ஒன்றுக்கொன்று இரு திசைகளிலும் இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. நிறத்தை ஒரு பகுதியும் அசைவை வேறொரு பகுதியும் கையாளும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மேலதிகாரி யாரும் மூளைக்குள் இல்லை. இருந்தும் ஒரு சிவப்புப் பந்து உருண்டோடுவதை நாம் ஒரே காட்சியாகக் காண்கிறோம். ‘மறுநுழைவு’ என்று அவர் பெயரிட்ட இந்த இருவழிப் போக்குவரத்தே அந்த ஒருமையை உண்டாக்குகிறது என்றார்.

கேள்வி: நனவைப் பற்றி அவர் என்ன சொன்னார்?
– தத்துவ ஆர்வலர், புதுச்சேரி

பதில்: உடலுக்கு வெளியே தனித்து நிற்கும் எதையும் அவர் ஏற்கவில்லை, நனவு மூளையின் இயக்கத்திலிருந்து எழுவது, பரிணாமத்தில் தோன்றியது என்பதே அவர் நிலைப்பாடு. அதை இரண்டாகப் பிரித்தார். இப்போது காண்பதைப் பழைய அனுபவத்தின் மதிப்போடு இணைத்து ஒரே காட்சியாக உணர்வது முதல் வகை. நாய்க்கும் பறவைக்கும் அது இருக்கலாம். நேற்றையும் நாளையையும் தன்னையும் நினைத்துப் பார்ப்பது இரண்டாம் வகை. மொழியுள்ள மனிதனிடம் அது முழுமை பெற்றது. மூளையின் புறணியும் தலாமஸ் என்ற உள்பகுதியும் தமக்குள் நடத்தும் மறுநுழைவே இதற்கு அடிப்படை என்று கருதினார். 1998இல் ஜூலியோ டொனோனியோடு எழுதிய கட்டுரையில், நனவு ஒரே நேரத்தில் ஒன்றுபட்டதாகவும் மிகப் பல வேறுபாடுகளைக் கொண்டதாகவும் இருப்பதை அளந்து பார்க்க ஒரு கணித வழியையும் முன்வைத்தார். டொனோனி பின்னர் வகுத்த, இன்று பரவலாக விவாதிக்கப்படும் ‘ஒருங்கிணைந்த தகவல்’ கோட்பாடு இங்கிருந்து கிளைத்தது. எடெல்மனின் சிந்தனை இன்றைய ஆய்வுகளில் மிக உயிர்ப்போடு தொடர்வது இந்த வழியில்தான்.

கேள்வி: மூளையைக் கணினியோடு ஒப்பிடுவதை அவர் மறுத்தார் என்கிறார்கள். ஆனால் அவரே இயந்திரங்களும் செய்தாராமே?
– மென்பொருள் பணியாளர், பெங்களூரு

பதில்: இரண்டும் உண்மை. கணினிக்கு வரும் உள்ளீடு ஏற்கெனவே குறியிடப்பட்டது; உலகமோ பெயர்ச்சீட்டு ஒட்டப்படாமல் கிடக்கிறது, அதைப் பகுத்துக்கொள்ளும் வேலையையே மூளை முதலில் செய்ய வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். 1981இல் ராக்ஃபெல்லரில் அவர் தொடங்கி, 1990களில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மாற்றிய நரம்பியல் ஆய்வு நிறுவனத்தில் இதைச் சோதிக்க ‘டார்வின்’ என்று பெயரிட்ட பொறிகளின் வரிசையை உருவாக்கினார்கள். அவற்றில் ஏழாவது பொறி, கோடுகளும் புள்ளிகளும் வரைந்த உலோகக் கட்டைகளிடையே உலவி, கட்டையைக் கவ்வி அதன் மின்கடத்தும் தன்மையைச் ‘சுவைத்து’, எந்த வடிவம் நல்ல சுவை, எது கெட்ட சுவை என்று தானே கற்றுக்கொண்டது. விதிகளை எழுதி வைக்காமல், மூளையமைப்பின் மாதிரியையும் சில விருப்பங்களையும் மட்டும் கொடுத்து அதை விட்டிருந்தார்கள்.

கேள்வி: அவருடைய மூளைக் கோட்பாட்டை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எதிர்ப்பொருள் பணியைப் போல ஒருமனதாக ஏற்கவில்லை. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட பிரான்சிஸ் கிரிக், 1989இல் ஓர் ஆய்விதழில், இதை ‘நரம்பு டார்வினியம்’ என்பதற்குப் பதிலாக ‘நரம்பு எடெல்மனியம்’ என்றே அழைக்கலாம் என்று தலைப்பிட்டுக் கடுமையாக விமர்சித்தார். விமர்சனத்தின் சாரம் வலுவானது: டார்வின் சொன்ன தேர்வில் வென்றது தன் நகல்களைப் பெருக்குகிறது, வெள்ளையணுவும் பெருகுகிறது, ஆனால் மூளையில் வெற்றி பெற்ற செல் கூட்டம் குட்டி போடுவதில்லை, அதன் இணைப்புகள் வலுப்படுவதோடு சரி. அப்படியானால் இது கற்றலுக்கு வேறொரு பெயர்தானா? அவருடைய எழுத்து நடை கடினமானது என்ற குறையும் பரவலாக இருந்தது. அந்தக் குறை நியாயமானதே என்று அவருடைய பெரிய நூல்களைப் படிக்க முயலும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். மறுபக்கம், நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸ், ஒவ்வொரு நோயாளியின் மூளையும் தனித்தன்மை உடையது என்று தாம் மருத்துவத்தில் கண்டதற்கு இதுவே பொருத்தமான விளக்கம் என்று தொடர்ந்து ஆதரித்து வந்தார்.

என் கருத்தில், நகல் பெருக்கம் பற்றிய விமர்சனத்துக்கு எடெல்மன் நிறைவான விடை தரவில்லை. ஆனால் மூளைகளுக்கு இடையிலான மாறுபாட்டை ஒதுக்கித் தள்ள வேண்டிய பிழையாகக் கருதாமல், ஆராய வேண்டிய முதற்பொருளாக முன்னிறுத்தியதில் அவர் தம் காலத்துக்கு முந்தி நின்றார். அவர் 2014 மே 17 அன்று சான் டியேகோவின் லா ஹோயா பகுதியில் தமது 84ஆம் வயதில் காலமானார். பத்தாண்டு கழித்து, 2024இல், ஒரு பழ ஈயின் மூளை முழுவதன் இணைப்பு வரைபடம், ஏறக்குறைய 1,39,000 நரம்பு செல்களோடு வெளியாயிற்று. அதை வேறொரு ஈயின் மூளையில் முன்பே வரைந்திருந்த பகுதியோடு ஒப்பிட்டபோது, வலுவான இணைப்புகள் பெரும்பாலும் இரு ஈக்களிலும் ஒத்திருந்தன. வலுக்குறைந்த இணைப்புகளே அதிகம் மாறுபட்டன. ஈயிலேயே இப்படி என்றால், பல்லாண்டு அனுபவத்தால் செதுக்கப்படும் பாலூட்டிகளின் மூளையில் அந்த மாறுபாடு எவ்வளவு, அதிலிருந்து அனுபவம் எதைத் தேர்கிறது என்பதை இனி எண்ணிப் பார்த்தே சொல்ல முடியும். சுண்டெலியின் மூளைத் துணுக்குகளில் அந்த எண்ணும் பணி இப்போது நடந்துவருகிறது.